ஆர். சண்முகசுந்தரம்: கொங்கு நாட்டு நாவலாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும்

முகவுரை

கொங்கு நாடு என்று கூறியவுடன் பருத்தியும், ஆலையும், தறியும், காங்கேயத்துக் காளையுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. சோமனூரில் வாழும் எமக்கோ விசைத்தறியின் ஓசை கேளாத நாள் அரிது. தொழிலாற் சிறந்த இந்நாடு உரைநடை இலக்கியத்திலும் தனக்கென ஓரிடம் பெற்றுள்ளது என்பதை நம்மவரிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தஞ்சைக்கு ஒரு கூட்டம், நெல்லைக்கு ஒரு கூட்டம் என எழுத்தாளரை எண்ணிக் கூறுவோர், கோவைக்கு வரும்பொழுது சற்றே தயங்குவர். அத்தயக்கத்தைப் போக்கவல்ல ஒருவர் ஆர். சண்முகசுந்தரம் ஆவார். அவர் நாவல் எழுதியவர். வங்க நாட்டு நூல்கள் பலவற்றைத் தமிழில் ஆக்கித் தந்தவர். அவருடைய வாழ்வையும் பணியையும் மாணவர்க்குப் பயன்படும் வகையில் ஒருவாறு தொகுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

சண்முகசுந்தரம் 1917-ஆம் ஆண்டிற் பிறந்தார். அவர் ஊர் தாராபுரம் வட்டத்தைச் சேர்ந்த கீரனூர். அக்காலத்தில் அது கோயமுத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்தது. 2009-ஆம் ஆண்டிற் புதிதாக அமைந்த திருப்பூர் மாவட்டத்தில் தாராபுரம் சேர்ந்துள்ளது. மழை குறைந்த அப்பகுதியில், ஆழமான கிணறுகளை நம்பியே பயிர்த்தொழில் நடைபெற்றது. காளைகளைச் சரிவில் ஓட்டித் தோற்பறியால் நீரிறைக்கும் கவலையின் ஓசையே அந்நாளில் விடியற்காலையின் அறிகுறி. அத்தகைய ஊரில் வளர்ந்தமையால், வேளாளர் வாழ்க்கையை அவர் நூல்களிற் கற்கவில்லை. கண்ணாற் கண்டும் காதாற் கேட்டும் அறிந்தார்.

அவருடைய இளமைக் காலம் கோவை நாட்டில் பெரிய மாறுதல் நிகழ்ந்த காலமாகும். 1932-ஆம் ஆண்டளவிற் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது. அதனால் ஆலைகள் பெருகின; சிற்றூர்களிலிருந்து மக்கள் நகரங்களை நாடினர். ஒருபுறம் பழைய பண்ணையம், மறுபுறம் புதிய ஆலைச் சங்கு. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று தம் மக்களை உற்று நோக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

தமிழில் மறுமலர்ச்சி இலக்கியம் தழைத்த காலமும் அதுவே. 1933-இல் தோன்றிய மணிக்கொடி என்னும் பத்திரிகை பின்னர்ச் சிறுகதைக்கே உரியதாயிற்று. புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், பிச்சமூர்த்தி முதலியோர் எழுதிய அப்பத்திரிகையில் சண்முகசுந்தரமும் இளம்பருவத்திலேயே எழுதினார். அவருடைய சகோதரர் ஆர். திருஞானசம்பந்தமும் எழுத்தாளரே. சகோதரர் இருவரும் கோவையில் வசந்தம் என்னும் பத்திரிகையோடு தொடர்பு பூண்டு உழைத்தனர். பத்திரிகையும் பதிப்புத் தொழிலும் சென்னைக்கே உரியன என்ற எண்ணம் வேரூன்றியிருந்த நாளில், கோவையிலிருந்து இலக்கியப் பணி புரியத் துணிந்தமை பாராட்டத்தக்கது.

நாகம்மாளுக்கு முன் தமிழ் நாவல்

ஆசிரியருடைய தகுதியை அறிதற்கு அவர்க்கு முன்பிருந்த நிலையை அறிதல் வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. அதன்பின் ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரமும், மாதவையாவின் பத்மாவதி சரித்திரமும் தோன்றின. இவை மூன்றும் நம் நாவலிலக்கியத்திற்கு அடிப்படையிட்ட நூல்கள். அவற்றுள் ஊர்ப்புறம் வருவதுண்டு. ஆயினும் ஏர்பிடிப்போன் தன் சொல்லிலேயே தன் வழக்கை எடுத்துரைக்கும் இடம் குறைவு. பின்னர் எழுந்த கதைகளிற் சில, கிராமத்தைச் சீர்திருத்தத்திற்குரிய பொருளாகவோ, நகரத்தான் கண்டு மகிழும் எழிற் காட்சியாகவோ கொண்டன. வேளாளன் அங்கே வருவான். ஆயின் அவன் பேசுவது ஆசிரியரின் பேச்சாக இருக்கும்.

இந்நிலையில் 1942-ஆம் ஆண்டில் நாகம்மாள் வெளிவந்தது. ஆசிரியருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து அளவே. நூலும் அளவிற் சிறியது. எனினும், ஒரு நிலப்பகுதியின் மண்ணும் வழக்கும் பேச்சும் கதையின் உயிராக அமைந்த வட்டார நாவல்களுள் அது தமிழில் முன்னோடியாக எண்ணப்படுகிறது. திறனாய்வாளர் க. நா. சுப்ரமணியம் தமிழின் சிறந்த நாவல்களைப் பற்றிப் பேசுமிடத்து இதனை வற்புறுத்திப் பாராட்டி வந்தார்.

நாகம்மாளின் கதை

கதையின் போக்கு எளிது. நாகம்மாள் கணவனை இழந்தவள். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். கணவனின் தம்பியாகிய சின்னப்பனும் அவன் மனைவி ராமாயியும் வாழும் வீட்டிலேயே அவளும் வாழ்கிறாள். சின்னப்பன் உழைப்பாளி, ராமாயி பொறுமையுடையவள். அவர்கள் அவளைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று கூறுதற்கில்லை. ஆயினும், பிறர் கையை எதிர்பார்த்து வாழும் வாழ்வு நாகம்மாளுக்குக் கசக்கிறது. ஊரில் முரடன் எனப் பெயரெடுத்த கெட்டியப்பனோடு அவளுக்கு உறவு ஏற்படுகிறது. தன் கணவனுக்குரிய பங்கு நிலத்தைப் பிரித்துத் தரவேண்டும் என்று அவள் கேட்கிறாள். அவள் கேள்விக்குப் பின்னே, தத்தம் பகைமையைத் தீர்த்துக்கொள்ள விரும்புவோரும் நின்று தூண்டுகின்றனர். முடிவில் நிலத்தைப் பற்றிய பூசலிற் சின்னப்பன் அடியுண்டு மாய்கிறான்.

இக்கதையை வேறொருவர் எழுதியிருப்பின், ஒழுக்கந் தவறிய கைம்பெண்ணாற் குடும்பம் கெட்டது என்று நீதி கூறி முடித்திருக்கக் கூடும். அல்லது, கைம்பெண்ணின் துயரைக் கூறிக் கண்ணீர் வருவித்திருக்கக் கூடும். சண்முகசுந்தரம் இவ்விரண்டும் செய்திலர். நாகம்மாளை அவர் தூற்றவுமில்லை, தூயவளாக்கிக் காட்டவுமில்லை. சின்னப்பனும் நல்லவன், நாகம்மாளின் கேள்வியும் நியாயமுடையது. நல்லவனும் நியாயமும் எதிரெதிரே நிற்கும்பொழுது என்ன நிகழும் என்பதையே அவர் காட்டினார். கொலையுண்டவனுக்காக வருந்தும் நாம், நூலை மூடியபின், அவள் கேட்டது குற்றமா என்றும் வினவாதிருக்க முடிவதில்லை.

நிலமும் சட்டமும்

அவ்வினாவிற்கு விடை காண வேண்டின், அக்காலத்துச் சட்டத்தையும் சிறிது நோக்குதல் நலம். கூட்டுக் குடும்பத்தில் கணவன் இறந்தால், பழைய இந்து தருமப்படி அவன் பங்கு உடன்பிறந்த ஆண்மக்களைச் சாரும். கைம்பெண்ணுக்கு உணவும் உடையுமாகிய சீவனாம்சமே உரிமை. 1937-ஆம் ஆண்டில் இந்து மகளிர் சொத்துரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கணவனுக்கு இருந்த பங்கை மனைவி தன் வாழ்நாள் வரை அடையலாம் என்றும், பாகம் பிரித்துக் கேட்கலாம் என்றும் அது விதித்தது. ஆயினும், விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டதாகலின், மத்திய சட்டசபையின் அச்சட்டம் மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்தைக் கட்டுப்படுத்தாது என்று 1941-இல் பெடரல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சென்னை மாகாணத்தில் அவ்வுரிமை விவசாய நிலத்திற்கும் நீட்டப்பெற்றது 1947-ஆம் ஆண்டிலேதான்.

ஆகவே நாகம்மாள் அச்சேறிய 1942-ஆம் ஆண்டு, இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்டது என்பதை மாணவர் மனத்திற்கொள்க. வீடும் பொருளும் பெற வழிவகுத்த சட்டம், உழவர் குடியில் உயிர்நிலையாகிய நிலத்தை மட்டும் விலக்கி வைத்திருந்தது. ஆசிரியர் சட்டநூல் எழுதியவரல்லர். கதையில் வழக்கறிஞர் வாதமும் இல்லை. ஆயினும், சட்டம் விடையளிக்காது விட்ட ஒரு வினாவை ஒரு சிற்றூர்ப் பெண்ணின் வாயில் வைத்து அவர் எழுப்பினார். நீதிமன்றத்தின் கதவு அடைபட்டிருக்குமிடத்து, வழக்கு வரப்பிலே தீர்க்கப்படும். அங்குத் தடியே தீர்ப்பாகும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்கள் உடைமையிலிருந்த சொத்தை முழு உரிமையாக்கியது. 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதிலும் பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு அளிக்கப்பட்டது. எனினும், பத்திரத்திற் கையெழுத்திட்டு உரிமையை விட்டுக் கொடுக்குமாறு சகோதரிகளை வேண்டும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. இதனால் நாகம்மாள் பழங்கதையாகிவிடவில்லை என்பது விளங்கும்.

கொங்குத் தமிழும் உரைநடையும்

இந்நூலின் மற்றொரு சிறப்பு மொழி. ஆசிரியர் கூற்றாக வரும் பகுதிகள் பெரும்பாலும் பொதுத் தமிழில் அமைய, மாந்தர் உரையாடல் கொங்கு வழக்கில் அமைந்துள்ளது. கொச்சை மொழியை நூலில் எழுதலாமோ என்று ஐயுறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்கள் ஐயத்தை எள்ளி நகையாடுதல் தகாது, ஆராய்தலே தகும்.

நம் நாட்டில் கிணற்றுப் பாய்ச்சல் உடைய நிலத்தைத் தோட்டம் என்கிறோம். வானம் பார்த்த நிலத்தைக் காடு என்கிறோம். ஆறு அல்லது வாய்க்காற் பாய்ச்சல் உடையதை வயல் என்கிறோம். பொதுத் தமிழில் தோட்டம் என்பது பூவும் காயும் விளையும் இடம். காடு என்பது மரமடர்ந்த வனம். கொங்கு வேளாளன் ஒருவன், எனக்கு நான்கு ஏக்கர் காடும் இரண்டு ஏக்கர் தோட்டமும் உண்டு என்றால், அவன் செல்வநிலை, நீர்நிலை, கடன்நிலை எல்லாம் அவ்விரு சொற்களால் விளங்கிவிடும். அச்சொற்களை மாற்றிப் பொதுத் தமிழில் எழுதினால் இலக்கணம் பிழையாது, பொருள் பிழைத்துவிடும். காட்டுக்கும் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடே குடும்பங்களைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருக்கும் நாட்டில், அச்சொற்களே கதையின் தூண்கள்.

இன்னும் ஒன்று கூறுவோம். உறவினரை ஒரம்பரை என்பதும், புழக்கடையைப் பொடக்காலி என்பதும், தோட்டத்து வீட்டைச் சாளை என்பதும் நம் வழக்கு. பேச்சின் இறுதியில் 'ங்க' என்னும் ஒலியைச் சேர்த்து, கேட்போர்க்கு மதிப்பளிப்பதும் நம் வழக்கே. இந்த 'ங்க' எவரிடம் சேர்க்கப்படுகிறது, எவரிடம் விடப்படுகிறது என்பதை உற்று நோக்கினால், ஊரில் யார் உயர்ந்தோர், யார் தாழ்ந்தோர், யார் யாரோடு சினந்துள்ளார் என்பவை யெல்லாம் புலனாகும். மரியாதைச் சொல் ஒன்று குறைந்தால், பகை ஒன்று பிறந்தது எனலாம். இத்தகைய நுட்பங்களை ஏட்டில் ஏற்றும் வழியைச் சண்முகசுந்தரம் திறந்து வைத்தார். அவருக்குப் பின்னரே கரிசல் நாட்டில் கி. ராஜநாராயணன் கோபல்ல கிராமம் (1976) முதலிய நூல்களை எழுதினார். கொங்கு நாட்டிற் பின்வந்த நாவலாசிரியருள் பெருமாள்முருகன் சண்முகசுந்தரத்தின் நூல்களை ஆராய்ந்தவர். கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றையும் 2000-ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டார்.

பிற நாவல்கள்

நாகம்மாளுக்குப் பின் 1940-களில் பூவும் பிஞ்சும், பனித்துளி என்னும் நாவல்கள் வெளிவந்தன. 1960-இல் அறுவடை வெளிவந்தது. பொருளும் முதுமையும் உடைய ஒருவர் இளம்பெண்ணை மணக்க முற்படுவதால் விளையும் கேடு அதன் பொருள். அதன்பின் சட்டி சுட்டது, தனிவழி முதலியன வந்தன. சட்டி சுட்டது என்னும் நாவலில் உழைத்துப் பொருள் சேர்த்த முதிய வேளாளர் ஒருவர் தாம் பெற்ற மக்களாலேயே மனம் புண்படுகிறார். நாகம்மாளில் நிலத்துக்காகக் கொழுந்தனும் அண்ணியும் மோதினர். இங்கே தந்தையும் மக்களும் மோதுகின்றனர். மண் ஒன்றே, உறவு மட்டும் வேறு.

எல்லா நூல்களும் ஒரே தரத்தின என்று கூறுதல் புகழ்ச்சியாகுமே யன்றி ஆராய்ச்சியாகாது. சில நாவல்களில் விரைவு புலப்படுகிறது. சில இடங்களில் கதை தானாக நடவாது, ஆசிரியரால் இழுத்துச் செல்லப்படுகிறது. எனினும் நாகம்மாள், அறுவடை, சட்டி சுட்டது ஆகிய மூன்றும் ஓர் ஆசிரியரை நிலைநிறுத்தப் போதியன என்பது எம் கருத்து.

மொழிபெயர்ப்புப் பணி

அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி உழைப்பு மொழிபெயர்ப்பிற் சென்றது. அவர் இந்தி மொழி கற்றவர். அதன் வழியாக வங்க நாவல்களைத் தமிழாக்கினார். சரத்சந்திரரின் நூல்கள் பலவற்றையும், விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயரின் பாதேர் பாஞ்சாலியையும் அவர் தமிழில் தந்தார்.

அக்காலத்தில் வங்க நாவல்கள்மீது தமிழர் கொண்டிருந்த வேட்கை மிகப் பெரிது. த. நா. குமாரஸ்வாமி, த. நா. சேனாபதி ஆகிய சகோதரர்கள் வங்க மொழியையே கற்று நேரே மொழிபெயர்த்தனர். கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தி மொழியினின்று காண்டேகரைத் தந்தார். க. நா. சுப்ரமணியம் ஆங்கில வழியாக நார்வே, ஸ்வீடன் நாடுகளின் நாவல்களைத் தந்தார். வீடுதோறும் பெண்டிர் சரத்சந்திரரைத் தமிழாசிரியர் போலவே எண்ணிப் படித்தனர். அவ்வாறு எண்ணும்படி செய்தல் மொழிபெயர்ப்பாளனுக்குப் புகழ். ஆனால் அப்புகழில் அவன் பெயர் மறைந்துவிடுகிறது.

பாதேர் பாஞ்சாலி 1928-இல் பத்திரிகையில் தொடர்ந்து வெளிவரத் தொடங்கி, 1929-இல் நூலாயிற்று. நிஷ்சிந்திபுரம் என்னும் சிற்றூரில் ஹரிஹரர் என்னும் ஏழைப் புரோகிதர், அவர் மனைவி சர்வஜயா, மக்கள் துர்க்கை, அபு ஆகியோருடைய வாழ்வை அது கூறுகிறது. 1955-இல் சத்யஜித் ராய் அதனைத் திரைப்படமாக்கிய பின் உலகம் முழுவதும் அதன் பெயர் பரவியது. நாகம்மாளை எழுதியவர் இந்நூலைத் தமிழாக்கியது வியப்பன்று. இரண்டிலும் வறுமை உண்டு; ஆயினும் வறியோர் இரக்கத்திற்குரிய பொம்மைகளாக வருவதில்லை. இரண்டிலும் ஆசிரியர் மாந்தரைத் தண்டிப்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மொழிபெயர்ப்பின் இடர்கள்

ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்கு நேரே மாற்றுவதே அரிது. இடையே மூன்றாவது மொழி ஒன்று நிற்குமாயின் அருமை இருமடங்காகும். இதனை மாணவர் எளிதில் உணரும் பொருட்டு யாம் சில எடுத்துக்காட்டுக் கூறுவோம். இவை மொழிகளின் இயல்பைக் காட்டவே கூறப்படுவன.

முதலாவது, பால் பற்றியது. வங்க மொழியில் அவன், அவள் என்னும் வேறுபாடு இல்லை. இருவரையும் ஒரே சொல்லாற் சுட்டுவர். இந்தியிலும் சுட்டுப்பெயர் ஒன்றே. ஆயின் வினைமுற்றுப் பெரும்பாலும் ஆண், பெண் எனப் பிரியும். தமிழிலோ சுட்டுப்பெயரும் வினைமுற்றும் இரண்டும் பிரியும். வங்க ஆசிரியன் யாரைக் குறித்தான் என்பதைச் சற்று மறைத்து வைத்திருப்பின், தமிழ் மொழிபெயர்ப்பாளன் அம்மறைவை முதல் வினைமுற்றிலேயே வெளிப்படுத்தியாக வேண்டும்.

இரண்டாவது, மரியாதை பற்றியது. வங்கத்தில் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு: பெரியோர்க்கு ஆப்னி, ஒத்தோர்க்குத் துமி, மிக நெருங்கியோர்க்கும் தாழ்ந்தோர்க்கும் துயி. இந்தியிலும் ஆப், தும், தூ என மூன்று உண்டு. தமிழிற் பேச்சுவழக்கில் நீங்கள், நீ என்னும் இரண்டே பெரிதும் நிற்கின்றன. கணவன் மனைவியைத் துமி என்றால், தமிழிற் கூறுவது நீயா, நீங்களா? ஒன்றைத் தேர்ந்தால் நெருக்கம் மிகும். மற்றொன்றைத் தேர்ந்தால் விலகல் மிகும். கொங்கு வழக்கின் 'ங்க' இங்கே துணைசெய்யக் கூடும். ஆனால் வங்காளத்துப் பெண் கோவைப் பெண்ணாகப் பேசுவது பொருந்துமோ என்னும் புதிய ஐயம் எழும்.

மூன்றாவது, நிலம் பற்றியது. வங்கச் சிற்றூரில் வீட்டுக்கு வீடு ஒரு நீர்நிலை இருக்கும். அதனைப் புகூர் என்பர். குளிப்பதும், கலம் துலக்குவதும், மீன் பிடிப்பதும் அங்கேயே. அதனைக் குளம் என்று எழுதினால், சோமனூர் வாசகர் மனத்திற் சாமளாபுரத்துக் குளம் தோன்றும். நொய்யல் நீரைத் தேக்கி ஊர்களுக்குப் பயன்படும் அக்குளம் எங்கே, வீட்டின் பின்புறத்துச் சிறு நீர்நிலை எங்கே! குட்டை என்றால் அளவு பொருந்தும். ஆயின் அச்சொல்லில் அந்நீர்நிலையின் தூய்மையும் இல்லறத் தொடர்பும் தோன்றா. வறண்ட கிணற்று நாட்டிற் பிறந்தவர், நீரும் மூங்கிலும் நிறைந்த நாட்டின் கதையைத் தம்மவர்க்குக் கூறப் புகுந்தார் என்றால், ஒவ்வொரு பக்கத்திலும் இத்தகைய தேர்வுகளைச் செய்தாக வேண்டியிருந்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இடைமொழி வழியாக வந்த மொழிபெயர்ப்பு மூலத்தோடு முற்றும் ஒவ்வாதிருத்தல் கூடும். நேர் மொழிபெயர்ப்பும் குறையற்றதன்று. பாதேர் பாஞ்சாலியை 1968-இல் வங்கத்திலிருந்து நேரே ஆங்கிலமாக்கியோர், குடும்பம் ஊரை விட்டுப் பிரியும் இடத்தோடு நூலை முடித்து, எஞ்சிய பகுதியை விட்டுவிட்டனர். மூலமொழி அறிந்தோரும் நூலைக் குறைக்கக் கூடும் என்பதற்கு இது சான்று. ஆகவே எவ்வழியில் வந்தது என்பதோடு, எவ்வளவு உண்மையுணர்ச்சியோடு வந்தது என்பதையும் ஆராய்தலே முறை. விவிலிய நூலையே நாம் மொழிபெயர்ப்பில் தானே படிக்கின்றோம்? 1715-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது முதல், பல கைகள் திருத்தித் திருத்தியே அது இன்றைய வடிவை அடைந்தது. மொழிபெயர்ப்பு என்பது ஒருவர் முடிக்கும் பணியன்று. ஒருவர் தொடங்கி வைக்கும் பணியாகும்.

பிறநாட்டு ஒப்புமை

நாகம்மாளைப் படிக்குங்கால் எமக்கு ருமேனிய நாட்டு நாவல் ஒன்று நினைவுக்கு வருகிறது. லிவியு ரெப்ரேயானு (1885-1944) என்பவர் 1920-இல் இயோன் என்னும் நாவலை வெளியிட்டார். திரான்சில்வேனியாப் பகுதியைச் சேர்ந்த ஏழை உழவனாகிய இயோன் நிலத்தின்மீது தீராத ஆசை கொண்டவன். தான் விரும்பும் பெண்ணை விட்டு, நிலமுடைய ஒருவர் மகளைத் தன்வயப்படுத்தி மணக்கிறான். நிலம் கைக்கு வருகிறது. மனைவி மனமுடைந்து உயிர் நீக்கிறாள். பின்னர்ப் பழைய காதலியை நாடிச் செல்லும் அவன், அவள் கணவனால் மண்வெட்டி போன்ற கருவியால் அடியுண்டு இறக்கிறான்.

ஒரு நூலைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்பது எம் கருத்தன்று. நொய்யற் கரைக்கும் அந்நாட்டிற்கும் இடையே பல்லாயிரம் மைல்கள் உள்ளன. எனினும், உழவர் குடியில் நிலமே மானமும் உறுதியும் ஆகும்பொழுது, காதலும் உறவும் அதன்முன் தலைகுனியும் என்பதை இரு நாட்டாசிரியரும் கண்டனர். வேறுபாடும் ஒன்று உண்டு. இயோன் ஆண்மகன், திருமணத்தால் நிலம் பெற அவனுக்கு வழி இருந்தது. நாகம்மாள் பெண், திருமணத்தால் வந்த நிலமும் கணவன் இறந்ததும் அவள் கையினின்று நழுவியது. இவ்வேறுபாட்டை எண்ணினால், நம் ஆசிரியர் எடுத்துக்கொண்ட பொருள் எத்துணை அரியது என்பது தெளிவாகும்.

மதிப்பீடு

மொழிபெயர்ப்பிற் செலவிட்ட காலத்தை அவர் சொந்தப் படைப்பிற் செலவிட்டிருந்தால், நாகம்மாளைப் போல் இன்னும் சில நூல்கள் கிடைத்திருக்கும் என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்க்குத் தமிழ்நாடு அளித்த கூலி எத்தகையது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். பாரதியார் பத்திரிகை அலுவலகத்திலும், புதுமைப்பித்தன் திரைப்பட முயற்சியிலும் உழைத்தது பொழுதுபோக்கிற்காக அன்று. தறிக்காரன் தனக்கென விரும்பிய சேலையை நெய்ய ஒருநாள் ஒதுக்குமுன், கூலிக்கு நெய்யும் நாட்கள் பல கழிகின்றன என்பதை நம் ஊரார் நன்கறிவர். கூலிக்கு நெய்த துணியும் ஒருவர் மானத்தைக் காக்கிறது. அவர் மொழிபெயர்த்த நூல்களால் வங்க மக்களின் இன்பதுன்பங்களைத் தமிழர் தம்முடையனவாக உணர்ந்தனர். அது சிறு பணியன்று.

சண்முகசுந்தரம் 1977-ஆம் ஆண்டில் மறைந்தார். நாகம்மாள் பின்னரும் பல பதிப்புகளாக வெளிவந்து, படிப்போரைப் பெற்று வருகிறது. அறுபது ஆண்டு வாழ்வில், தம் ஊரைத் தமிழுலகிற்கு அறிமுகஞ் செய்ததும், தொலைநாட்டு ஊர்களைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்ததும் ஆகிய இரு பணிகளையும் அவர் ஆற்றினார். இவ்விரண்டும் வேறுவேறு போலத் தோன்றினும் ஒன்றே என்பது எம் துணிபு. தன் ஊரின் பேச்சைச் செவிசாய்த்துக் கேட்கக் கற்றவனே, பிறர் ஊரின் பேச்சையும் கேட்க வல்லவனாவான்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! பெருமக்கள் வரலாற்றைப் படிப்பது அவரைப் புகழ்ந்து அமைதற்கு மட்டுமன்று. யாம் உங்களை வேண்டுவன இரண்டு. முதலாவது, விடுமுறையில் நாகம்மாளை ஒருமுறை முழுவதும் படியுங்கள்; சிறிய நூலாதலின் இரண்டு மாலைகளே போதும். படித்தபின் உங்கள் வீட்டுப் பெண்டிரிடம், நாகம்மாள் கேட்டது தகுமா என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடை எந்த ஆராய்ச்சி நூலிலும் கிடையாதது. இரண்டாவது, சோமனூரிலும் கருமத்தம்பட்டியிலும் சாமளாபுரத்திலும் வாழும் முதியோரை அணுகி, கிணறு, கவலை, கட்டுத்தரை, தறி ஆகியவை பற்றிய பழஞ்சொற்களைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கவலை ஓட்டியவர் மறைந்தால் கவலைக்குரிய சொற்களும் மறையும். அவற்றை மீட்கப் பின்னர் எவராலும் இயலாது. கீரனூரிற் பிறந்த ஓர் இளைஞர் தம் இருபத்தைந்தாம் வயதிற் செய்ததும், அடிப்படையில், இதுவே. அவர் தம் மக்களின் பேச்சை மதித்துக் கேட்டார். கேட்டதை உண்மை பிறழாது எழுதினார். அவ்வழி நமக்கும் திறந்தே உள்ளது.